பழைய ஸ்பீக்கருக்குப் புது கண்டென்சர்

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால், எலக்ட்ரீஷியன் மோட்டாரில் கை வைப்பதற்கு முன் கண்டென்சரை மாற்றிப் பார்ப்பார். ஐம்பது வயதைத் தாண்டிய ஸ்பீக்கருக்கும் கிட்டத்தட்ட இதே வைத்தியம்தான். ஆனால் ஸ்பீக்கர் என்று வந்துவிட்டால் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது. ஒலி மங்கலாகக் கேட்டால் ட்வீட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால், ஸ்பீக்கரின் விலையைவிட அதிக விலையில் கண்டென்சர் வாங்கிப் போட்டு, அந்தப் பெட்டிக்கென்று இருந்த குரலையே மாற்றிவிடுகிறார்கள்.

இந்த வேலையைப் புரிந்துகொள்ள ஏஆர்-3ஏ என்ற அமெரிக்க ஸ்பீக்கரைத் திறந்து பார்க்கலாம். எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் தயாரிப்பு அது. அதற்கு முன்பெல்லாம் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் அறையின் ஒரு மூலையையே அடைக்கும் பெட்டி வேண்டும். வில்ச்சர் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே சிக்கிய காற்றையே வூஃபருக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யவைத்தார். பெட்டி சிறுத்தது, பேஸ் குறையவில்லை. இதை நம்பாதவர்களுக்காக அந்த நிறுவனம் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற இசைக்குழுவை மேடையேற்றியது. நேரடி வாசிப்பும் ஏஆர்-3 ஸ்பீக்கர் வழியே வரும் பதிவும் மாறி மாறி ஒலிக்கும். எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க அரங்கில் இருந்தவர்கள் திணறினார்கள்.

அந்த ஏஆர்-3-இன் வாரிசாக 1967-ல் வந்தது ஏஆர்-3ஏ. 12 அங்குல வூஃபர், நடு ஒலிக்கு ஒரு டோம், ட்வீட்டராக இன்னொரு டோம். புத்தக அலமாரி ஸ்பீக்கர் என்றுதான் விற்றார்கள். எடை ஒன்றுக்குச் சுமார் 24 கிலோ. அலமாரிதான் பாவம்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சிக்னலை இந்த மூவருக்கும் பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். ஏஆர்-3ஏ-வில் சுமார் 575 ஹெர்ட்ஸ் வரை வூஃபர், அங்கிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை நடு டோம், அதற்கு மேல் ட்வீட்டர். செம்புக் கம்பிச் சுருள்களும் 150, 50, 6 மைக்ரோஃபாரட் அளவுள்ள மூன்று கண்டென்சர்களும் சேர்ந்து இந்தப் பங்கீட்டைச் செய்கின்றன. கண்டென்சர் மேல் ஸ்தாயியை விட்டுவிடும், கீழ் ஸ்தாயியைத் தடுக்கும். எந்த இடத்தில் தடுக்க வேண்டும் என்பதை அதன் மைக்ரோஃபாரட் அளவு தீர்மானிக்கிறது.

சிக்கலும் அங்கேதான். பழைய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் அலுமினியத் தகடும் ரசாயனத் திரவத்தில் ஊறிய காகிதமும் இருக்கும். வருஷங்கள் ஓட ஓட அந்த ஈரம் வற்றும். அளவு மாறும், உள் மின்தடை ஏறும். 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுமார் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியும். அதுவே 4 மைக்ரோஃபாரடாக வற்றிவிட்டால் எல்லை 5000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். குரலின் தெளிவும் வயலின் வில்லின் உரசலும் இருக்கும் பகுதியில் ஒரு பள்ளம் விழும். உள் மின்தடை ஏறினால் ட்வீட்டரின் சத்தமும் அடங்கிப்போகும். இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால், தினமும் கேட்பவரின் காதுக்குத் தெரிவதே இல்லை.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. ஏஆர்-3ஏ-வின் முதுகில் இரண்டு லெவல் கன்ட்ரோல்கள் உண்டு. அவற்றை மெதுவாகத் திருகிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்து, செத்துப்போனதாக நினைத்த ட்வீட்டர் திடீரென்று பாடினால், குற்றவாளி கண்டென்சர் அல்ல. அந்தக் கன்ட்ரோலுக்குள் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. இந்த மாடலில் இது மிகச் சாதாரணமான கோளாறு.

கிராஸ்ஓவர் பின்பலகையின் உட்புறத்தில் இருக்கிறது. வூஃபரைக் கழற்றினால்தான் கை போகும். உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்திருப்பார்கள்; கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொட்டால் அன்று முழுக்க அரிப்புதான். பஞ்சை எடுத்தால், பல பெட்டிகளில், மெழுகு பூசிய அட்டைக் கட்டி ஒன்று தென்படும். 150, 50 இரண்டும் அதற்குள்ளேயே இருக்கும். ஒரு வயரையும் வெட்டுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளப்பது. கண்டென்சரின் ஒரு முனையையாவது சர்க்யூட்டிலிருந்து விடுவித்து, எல்சிஆர் மீட்டரில் மைக்ரோஃபாரடையும் உள் மின்தடையையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பழையது என்பதற்காக எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. பாலியெஸ்டர், பாலிப்ரோப்பிலீன் போன்ற ஃபிலிம் வகைக்குள் வற்றுவதற்குத் திரவமே கிடையாது. அளவு சரியாக இருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

மாற்றும்போது துருவம் இல்லாத பைபோலார் வகைதான் வேண்டும். பவர் சப்ளைக்குப் போடும் பிளஸ், மைனஸ் குறியிட்ட கண்டென்சர் இங்கே ஆகாது. 6 மைக்ரோஃபாரடுக்கு நல்ல ஃபிலிம் கண்டென்சர் போடுவது செலவுக்குத் தகுந்த வேலை. 150-க்கும் ஃபிலிம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பெட்டிக்குள் இடத்துக்குத் திண்டாட வேண்டும், பர்ஸும் தாங்காது. அங்கே புதிய பைபோலார் எலக்ட்ரோலிட்டிக்கே போதும். இன்னொரு காரணமும் இருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக்கின் சிறு உள் மின்தடையும் சேர்ந்ததுதான் அன்று காதில் விழுந்த ஒலி. ஃபிலிமில் அது மிகக் குறைவு. அதனால்தான் அனுபவசாலிகள் சில இடங்களில் ஃபிலிம் கண்டென்சரோடு ஒரு ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்க்கிறார்கள்.

இரண்டு பெட்டிகளுக்கும் அளந்து ஜோடி சேர்த்த கண்டென்சர்கள் போவது முக்கியம். 1970-களில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரில், எந்தப் பெட்டியை எதனோடு வைத்தாலும் ஒலி ஒத்துப்போக வேண்டும் என்பதில் எவ்வளவு கறாராக இருந்தார்களோ, அந்தக் கறார் இங்கேயும் வேண்டும். சுருள்களை இடம் மாற்றவே கூடாது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே திசையில் படுத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் புகுந்துவிடும்.

புது கண்டென்சரை நூறு மணி நேரம் ஓட்டினால்தான் குரல் திறக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கண்டென்சர் பழகுவதைவிடக் காது பழகுவது அதிகம் என்றே தோன்றுகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: வூஃபரைத் திரும்பப் பொருத்தும்போது ஓரத்தில் புட்டி சரியாக உட்கார்ந்து, காற்றுக் கசியாமல் இருக்க வேண்டும். வூஃபரின் கோனை விரல் நுனிகளால் சீராக உள்ளே அழுத்திவிட்டு விடுங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. சட்டென்று குதித்து வந்தால் எங்கோ கசிவு. அது இருக்கும்வரை எந்தக் கண்டென்சராலும் பேஸைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கழற்றிய பழைய கண்டென்சர்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அளந்த மதிப்புகளை ஒரு சீட்டில் எழுதி, அவற்றோடு ஒரு கவரில் போட்டு பத்திரப்படுத்துங்கள். ஸ்பீக்கரை விற்றால், அந்தக் கவரையும் சேர்த்துக் கொடுங்கள்.