8,000 வோல்ட் வேலியும் 230 வோல்ட் கம்பியும்

காட்டுப்பன்றிக்குச் சோலார் மின்வேலி போட நினைப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்டே ஆளைக் கொல்கிறது, வேலியில் 8,000 வோல்ட் விட்டால் என்ன ஆகும்? நியாயமான கேள்விதான். பதில், வேலியோடு தரப்படும் எனர்ஜைசர் என்ற சிறிய பெட்டிக்குள் இருக்கிறது.

இந்தப் பெட்டி 12 வோல்ட் பேட்டரி மின்சாரத்தைச் சில நூறு வோல்ட்டாக உயர்த்தி, கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. தொட்டி நிரம்பியதும் மடையைத் திறப்பதுபோல, தைரிஸ்டர் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் நொடிக்கு ஒருமுறை அதைத் திறந்துவிடுகிறது. டிரான்ஸ்பார்மர் வழியாக அது பல ஆயிரம் வோல்ட் துடிப்பாகக் கம்பிக்குப் போகிறது. கண் இமைப்பதற்குள் துடிப்பு முடிந்துவிடும். அடுத்த துடிப்பு வரும்வரை கம்பியில் மின்சாரம் இல்லை. தொட்டவர் கையை உதறி விலக அந்த இடைவெளி போதும். சர்வதேசத் தரநிலைப்படி ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது.

வீட்டு லைனில் இந்த இடைவெளி கிடையாது. நொடிக்கு 50 சுற்று ஓயாமல் வரும் மின்சாரத்தில் தசை இறுகி, கை கம்பியை விடாது. இதயத் துடிப்பும் தடுமாறும். நடுவில் குண்டு பல்பு போட்டால் ஆபத்தில்லை என்று சிலர் நம்புகிறார்கள். 100 வாட் பல்பு வழியாக ஏறக்குறைய 400 மில்லி ஆம்பியர் பாயும். ஆள் சாக அதில் கால் பங்கே போதும்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி நேரடி மின்சாரம் பாய்ந்த வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயை இழந்து நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போய் இறந்த விவசாயிகளும் உண்டு. பன்றிக்கு வைத்தது பக்கத்துத் தோட்டத்துக்காரரைத் தெரிந்தா தொடும்?

தமிழ்நாட்டில் 2023-இல் மின்வேலிகளுக்குத் தனி விதிகள் வந்துள்ளன. காப்புக்காடுகளை ஒட்டிய பகுதிகளில் புதிய வேலிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். பழைய வேலியைப் பதிவு செய்ய வேண்டும். பெட்டி ஐ.எஸ். 302-2-76 தரத்தில் இருக்க வேண்டும். குறைந்த விலைக்கு யாரோ கட்டித் தரும் பெட்டியில் துடிப்பின் அளவுக்கும் நேரத்துக்கும் யார் பொறுப்பு? மானிய விவரத்தை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

பெட்டி பழுதானால் நீங்களே திறக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வேலி வோல்ட்டேஜைப் பார்க்க அதற்கென்றே உள்ள மீட்டர் வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் தாங்காது. முள்கம்பியில் துடிப்பைக் கொடுக்கக் கூடாது, ஆடையோ தோலோ சிக்கினால் விலக முடியாது. ஒரே வேலிக்கு இரண்டு பெட்டிகளும் கூடாது. இரண்டின் துடிப்பும் மாறி மாறி வந்தால் இடைவெளி சுருங்கிவிடும்.

வேலி "அடிக்கவில்லை" என்று வரும் புகார்களில் பெட்டி கெட்டிருப்பது குறைவு. கம்பியைத் தொடும் புல்லை முதலில் வெட்டுங்கள். குறைந்தது மூன்று எர்த் கம்பிகளை, வீட்டு எர்த்திலிருந்து 10 மீட்டருக்கு மேல் தள்ளி அடியுங்கள். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் அவற்றின் அடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.