சர்க்யூட் படம் யார் கையில்?

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ரிலே அறையில் கோளாறு என்றால் முதலில் சர்க்யூட் படத்தை விரிப்போம். மின்சாரம் எந்தக் கான்டாக்ட்டில் நிற்கிறது என்று விரல் வைத்துத் தேடுவோம். பிற்காலத்தில் எலக்ட்ரானிக் கார்டுகள் வந்தன. ஒருமுறை பழுதான கார்டின் உள்படத்தைக் கேட்டேன். "அது கம்பெனி ரகசியம்" என்றார்கள். கார்டை மாற்றினோம், காரணம் கடைசிவரை தெரியவில்லை.

இப்போது விக்ரோலியில் எங்கள் கட்டட வாசலில் இன்டர்நெட்டோடு இணைந்த காமிரா நிற்கிறது. அதற்குள்ளும் ப்ராஸஸர் என்னும் மூளை உண்டு. அதன் உள்படத்தையும் நாம் பார்த்ததில்லை.

ப்ராஸஸருக்குத் தெரிந்தவை சில கட்டளைகளே: கூட்டு, ஒப்பிடு, நினைவகத்தில் வை. இந்தக் கட்டளைப் பட்டியலே பெரும்பாலும் கம்பெனிச் சொத்து. அதன்படி சிப் செய்ய உரிமக் கட்டணம் கட்டவேண்டும். 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்ற பட்டியல் உருவாகத் தொடங்கியது. இதற்குக் கட்டணமில்லை.

அதை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 2014-இல் 'சக்தி' திட்டத்தைத் தொடங்கினர். பட்டியல் மட்டுமல்ல, ப்ராஸஸரின் வடிவமைப்பையே பொதுவில் வைத்தனர். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். 2018-இல் ஒரு சிப் அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், இன்னொன்று சண்டிகர் செமிகண்டக்டர் லேபரட்டரியிலும் தயாராயின. 2020-இல் வந்த 'மௌஷிக்' காமிரா, கார்டு போன்ற சிறு சாதனங்களுக்கானது. அதுவும் சண்டிகரில் செய்ததே.

"படத்தைத் திறந்து வைத்தால் திருடனுக்கும் வசதிதானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல பூட்டின் பலம் சாவியில் இருக்கிறது. உள்ளமைப்பை மறைப்பதில் இல்லை. பல கண்கள் பார்த்தால் பழுதுகள் வெளிப்படும், திருத்தவும் முடியும்.

ஆனால் இதுவே முழுக் காப்பு ஆகாது. ஆலையில் படத்தின்படியே செய்தார்களா, மேலே ஏற்றிய மென்பொருள் நேர்மையானதா என்பதையும் சோதிக்கவேண்டும். சிப் வார்க்கவோ கோடிக்கணக்கில் செலவாகும். படம் இலவசம்; பண்டம் இலவசமல்ல.

ஆயினும் கற்க அத்தனை செலவில்லை. மும்பையில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் வடிவமைப்பை இறக்கி, கல்லூரியிலுள்ள எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம். எனக்குக் கிடைக்காத படம் அவர்கள் மேசைக்கு வந்திருக்கிறது. விரல் வைத்துத் தேடட்டும்.