பாகம் மாற்றிய பிறகு கணினி எழவில்லையா?



பள்ளி விடுமுறையில் ஈப்போவுக்குப் போய் 8 ஜிபி ரேம் ஒன்றும் எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கி வருகிறீர்கள். அலுவலக மூலையில் தூங்கும் பழைய மேசைக் கணினியில் நீங்களே மாட்டுகிறீர்கள். மூடியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே இல்லை. விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை. பக்கத்தில் நிற்கும் டீச்சர், "போச்சு சார், தேர்வுத் தாளெல்லாம் அதுலதானே இருக்கு!" என்கிறார்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றதிலிருந்து இப்படிப்பட்ட அழைப்புகள் எனக்குக் கூடிவிட்டன. சுங்கை சிப்புட், பீடோர், சுங்காய் பக்கம் செம்பனைக்கு நடுவே நிற்கும் பழைய கித்தாத் தோட்டப் பள்ளி என்றால், பழுது பார்ப்பவர் வந்து சேர்வதற்குள் அந்த வாரமே போய்விடும். அதற்குள் யாராவது "இது செத்துப்போச்சு, ஒதுக்கிடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். நான் போய்ப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் சாகவே இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் அது ஒரு கோளாறு. பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை. அறவே சத்தமில்லை என்றால் அது வேறு கோளாறு. மின்சாரமே உள்ளே போகவில்லை. இரண்டாவது வகைக்குப் புதிதாக வாங்கிய ரேமைத் திட்டிப் பயனில்லை. கெட்டுப்போன ரேம் கணினியை இப்படி ஊமையாக்குவது அபூர்வம். பாகத்தை மாட்டும்போது உங்கள் கை வேறு எதையோ அசைத்திருக்கும். தேட வேண்டியது அதைத்தான்.

திறப்பதற்கு முன் பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். 'ஹாக் கெராஜாஆன்' முத்திரை ஒட்டியிருந்தால், சொத்துப் பொறுப்பாசிரியரிடம் சொல்லி, பழுதுப் பாரம் நிரப்பிய பிறகே கை வையுங்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் கணக்காய்வில் கேள்வி வரும்.

இப்போது வெளியிலிருந்து தொடங்குவோம். அந்தச் சுவர் சுவிட்சில் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். நம் மூன்று கால் பிளக்கின் உள்ளே சின்ன பியூஸ் உண்டு; அது எரிந்திருக்கலாம். வேறு கணினியின் மின்கம்பியை மாற்றிப் போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கணினியின் பின்பக்கம் மின்கம்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சுவிட்சு இருக்கும். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம். பெட்டியை மேசையிலிருந்து இழுக்கும்போது அது வட்டத்துக்குப் போய்விடும். சிரிக்காதீர்கள், மூன்று மணி நேரம் முதன்மைப் பலகையையே சந்தேகப்பட்ட பிறகு நானே இதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

பழைய மின்வழங்கிகளில் சிவப்பு நிறத்தில் இன்னொரு சுவிட்சு இருக்கும்: 115, 230 என்று எழுதியிருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அது 115-இல் இருக்க, மின்சாரத்தைப் போட்டால் 'டப்' என்று வெடித்து மின்வழங்கி போய்விடும். மாணவர்கள் விரல் வைக்காதபடி அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு கேள்வி: பாகம் மாற்றிய அன்று மாலை இடி இடித்ததா? நம் பக்கத்து மாலை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் ரேம் மாற்றி, பிளக்கைப் பிடுங்காமல் வீட்டுக்குப் போய், மறுநாள் காலை எழவில்லை என்றால், ரேமை விட மின்னல்மேல்தான் எனக்குச் சந்தேகம். மின்னல் இணையக் கம்பி வழியாகவும் வரும்.

வெளியே எல்லாம் சரியா? பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு கணினிப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

உள்ளே பார்க்க வேண்டியவை நாலைந்துதான். முதன்மைப் பலகைக்குப் போகும் அகலமான 24 முனைக் கம்பி, செயலிக்குப் பக்கத்தில் செருகும் 4 அல்லது 8 முனைக் கம்பி: இரண்டையும் கழற்றி, 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். அடுத்தது முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி. எஸ்எஸ்டி மாட்டக் கை நுழைக்கும்போது முதலில் கழன்றுவிடுவது இதுதான், தலைமுடி மாதிரி லேசானது. முனைகளின் பக்கத்தில் 'பவர் சுவிட்சு' என்று பொடி எழுத்தில் இருக்கும். கம்பியை எடுத்துவிட்டு, மின்சாரம் கொடுத்து, அந்த இரண்டு முனைகளை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கணினி எழுந்தால் பழுது பொத்தானில்தான்.

விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடுகிறதா? எங்கோ மின்கசிவு, மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்கிறது. கீழே விழுந்த ஸ்க்ரூ ஒன்று பலகைக்கு அடியில் கிடக்கலாம். பெட்டியைச் சாய்த்து மெதுவாக ஆட்டிக் காது கொடுங்கள்.

அதற்கும் எழவில்லை என்றால், புதிதாகப் போட்டதை எல்லாம் கழற்றிப் பழைய நிலைக்கே கொண்டுபோங்கள். எழுந்துவிட்டால், ஒவ்வொன்றாகச் சேருங்கள். இரண்டு பாகங்களை ஒரே நேரத்தில் சேர்த்தால் எது குற்றவாளி என்று தெரியாது.

ரேம் பழையதாக இருந்தால், அதன் தங்க நிற முனைகளை அழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். நம் ஈரக்காற்றில் அந்த முனைகளில் படலம் படியும். அழிப்பானை நம் பிள்ளைகள் இன்னும் 'ரப்பர்' என்றுதான் கேட்கிறார்கள். 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு தொடங்கிய பேராக் கித்தாக் கதை பென்சில் பெட்டிக்குள் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதைய அழிப்பான் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், அது வேறு விஷயம்.

புதிதாகப் போட்டது கிராபிக்ஸ் கார்டு என்றால் கணக்குப் போட வேண்டும். பலகையின் செருகுவாய் 75 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு மின்வழங்கியிலிருந்து தனியாக 6 அல்லது 8 முனைக் கம்பி போக வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் இழுக்கும். பள்ளி அலுவலகச் சிறு கணினியின் மின்வழங்கி மொத்தமே 240 வாட்டாக இருக்கலாம். காணொலி தயாரிக்கும் ஆசையில் கார்டு வாங்குவதற்கு முன், மின்வழங்கியின் மேல் ஒட்டிய தாளைப் படியுங்கள்.

மின்வழங்கியையே மாற்றினீர்களா? அப்படியானால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். சில மின்வழங்கிகளின் கம்பிகளை இரு முனையிலும் கழற்றலாம். ஒரு நிறுவனத்தின் கம்பி இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் ஒழுங்காகச் செருகிக்கொள்ளும். ஆனால் உள்ளே 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இடம் மாறியிருக்கும். 'பழைய கம்பியே இருக்கட்டும், ஒழுங்காகக் கட்டியிருக்கு' என்று விட்டுவிட்டு மின்சாரம் கொடுத்தால், ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அந்தக் கணமே எரியலாம். மற்றக் கோளாறுகளில் பணம்தான் போகும். இதில் பிள்ளைகளின் மதிப்பீட்டுப் பதிவுகளும் சேர்ந்து போகும். புதுப் பெட்டியோடு வந்த கம்பிகளை மட்டுமே பயன்படுத்துங்கள். டெல், எச்பி போன்ற நிறுவனக் கணினிகள் சிலவற்றில் 24 முனைக் கம்பியே இருக்காது; அவற்றுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண மின்வழங்கி பொருந்தாது.

தேர்வுத் தாள் பற்றி அந்த டீச்சர் கேட்டாரே, அவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கம்பி மாறிய அந்த விபத்து நடக்காதவரை, கணினி எழவில்லை என்பதால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யூஎஸ்பி கம்பியால் இன்னொரு கணினியில் இணைத்தால் பெரும்பாலும் அப்படியே திறக்கும். பெரிய ஹார்ட் டிஸ்க்குக்குத் தனி மின் இணைப்புள்ள கம்பி வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அதனால் பாகம் மாற்றுவதற்கு முன்பே அந்த எண்ணை எழுதி, தலைமையாசிரியர் அலமாரியில் வைத்துவிடுங்கள். திறந்ததும் முதல் வேலை, கோப்புகளைப் படியெடுப்பது. கணினி அப்புறம் எழட்டும்.

இவ்வளவுக்கும் எழவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். போகும்போது ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: என்ன பாகம் மாற்றினோம், எந்தத் தேதி, அதற்கு முன் ஓடியதா, விசிறி துடித்ததா, அன்று இடி இருந்ததா. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் கணினி அறையின் நீட்டிப்புக் கம்பிகளைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் அறையில் ஒரே சுவர் சுவிட்சிலிருந்து எத்தனை கணினி ஓடுகிறது என்று இப்போதே எண்ணி வையுங்கள்.