தண்ணீர் வரவில்லை என்று இயந்திரம் சொன்னால்

மளிகைக் கடைக்காரனுக்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வேலையாட்கள் வர முடியாமல் போனபோது இந்த இயந்திரம் நம் நாட்டு வீடுகளில் வேகமாகப் பரவியது. அதற்கான உப்பு, மாத்திரை, பொடி எல்லாம் நம் கடை அலமாரிக்கும் வந்துவிட்டன. "உங்க மாத்திரை சரியில்லை, பாத்திரத்துல பிசுக்கு போகலை" என்று பாதி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவாவது அதன் உள்விவகாரம் நமக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரியவந்தது என் வீட்டு அனுபவத்தால்தான். ஆராதனை சமயம் திருவையாற்றில் எந்த வீட்டில் விருந்தாளி இல்லை? வீடு நிறைய ஆட்கள், தொட்டி நிறையப் பாத்திரம். அன்று பார்த்து இயந்திரம் பாதியில் நின்று, தண்ணீர்க் குழாய் படத்தைக் காட்டி மினுக்கியது. மறுநாள் வந்த மெக்கானிக் உறையைக்கூடக் கழற்றாமல், "சென்சார் போச்சு ஐயா, போர்டும் மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன தொகைக்கு ஏழெட்டுச் சிப்பம் பொன்னி அரிசி வாங்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

அந்த சென்சார் என்ன வேலை செய்கிறது என்பதை நம் தொழிலை வைத்தே புரிந்துகொள்ளலாம். களத்தில் நெல் அளப்பவர் மரக்காலைக் கவிழ்க்கும்போது "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே போவார். இயந்திரத்துக்குள் தண்ணீர் நுழையும் வழியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரம் இருக்கிறது. தண்ணீர் ஓடினால் அது சுழலும். அதில் பதித்த காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் வெளியே உள்ள சென்சாரைக் கடக்க, ஒரு மின்துடிப்பு போர்டுக்குப் போகும். இத்தனை துடிப்பு வந்தால் இத்தனை லிட்டர் என்று போர்டு கணக்குப் போடுகிறது. குறித்த நேரத்துக்குள் கணக்கு நிரம்பாவிட்டால், தண்ணீர் வரவில்லை என்று முடிவு கட்டி நின்றுவிடும். போஷ் கருவிகளில் ஈ18, எல்ஜியில் ஐஇ என்று வரும் குறிகள் இந்த வகைதான்.

ஆக, கணக்கு நிரம்பாததற்கு இரண்டே காரணம். நெல்லே வரவில்லை, அல்லது நெல் வருகிறது, எண்ணுகிறவர் தூங்குகிறார். குறி இரண்டுக்கும் ஒன்றுதான். முன்னதைச் சோதிக்காமல் பின்னதுக்குப் பணம் கட்டக் கூடாது.

முதலில் மின்பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். குழாயை மூடி, இயந்திரத்துக்குப் போகும் ஓஸைக் கழற்றி, வாளியை வைத்துக் குழாயை முழுதாகத் திறந்து கடிகாரம் பாருங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வரவேண்டும் என்று பல கருவிகளின் கையேடு சொல்கிறது. நம் வீடுகளில் இங்கேதான் இடிக்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மொட்டைமாடியில் தொட்டி நாலு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.4 பார்தான். பல கருவிகள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கின்றன. அடுப்படியில் வேறு குழாய் திறந்திருந்தால் அதுவும் குறையும்.

வாளி நிரம்புகிறதா? அடுத்து ஓஸின் முனையில் உள்ள சல்லடையைப் பாருங்கள். ஆற்றங்கரை ஊர், ஆழ்குழாய்த் தண்ணீர். மணலும் துருவும் வராமல் இருக்குமா? பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். சில ஓஸ்களின் முனையில் பெட்டி போல் இருப்பது மின்வால்வு. அதைத் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். இயந்திரத்தைச் சுவரோடு தள்ளியதில் ஓஸ் மடிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஓட விடுங்கள். முதலில் பழைய தண்ணீரை வெளியேற்றும். அதன்பின் வால்வு திறந்து உஸ்ஸென்று இரைச்சல் கேட்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து அடியில் பாருங்கள். இரைச்சலும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் வால்வைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் தேங்கியிருந்தும் அதே குறி வந்தால்தான் எண்ணுகிறவர் மேல் குற்றம். அப்போதும் சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சக்கரத்தில் மணலோ உப்புப்படிவோ சிக்கியிருக்கலாம், இணைப்பு துருப்பிடித்திருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். மளிகைக்காரர் வீட்டு எலிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உறையைக் கழற்றி, சக்கரம் சுழலும்போது சென்சார் துடிப்பு தருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. அதைச் செய்யாமல் பாகத்தின் விலை சொல்பவரிடம், செய்து காட்டச் சொல்லுங்கள்.

உப்பு போட்டால் படிவு வராதே என்பார்கள். பெரும்பாலான கருவிகளில் தண்ணீரை மென்மையாக்கும் பகுதிக்கு முன்பே இந்தச் சக்கரம் இருக்கிறது; உப்பு அதைக் காப்பாற்றாது. அதற்காக உப்பே வேண்டாம் என்றோ, அவசரத்துக்குத் தூள் உப்பு போதும் என்றோ வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். தூள் உப்பில் அயோடினும், கட்டி சேராமலிருக்கக் கலக்கும் பொருளும் உண்டு. மென்மையாக்கும் பகுதியைக் கெடுத்துவிடும்.

இனி அந்தத் திரும்பி வந்த மாத்திரை டப்பாவுக்கு வருவோம். தொட்டி வற்றும் நேரத்தில் குழாயில் காற்று கலந்து வந்தால் சக்கரம் காற்றுக்கும் சுழலும். கணக்கு நிரம்பிவிடும், தண்ணீர் குறைவாக இருக்கும். கழிவு ஓஸின் முனையைத் தரையோடு சாக்கடையில் விட்டிருந்தாலும் வம்புதான். உள்ளே வரும் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு வெளியேறும். அளந்தது சரி, சாக்கில் ஓட்டை. இரண்டிலும் குறி வராமலே போகலாம், பாத்திரம் மட்டும் பிசுக்கோடு நிற்கும். டப்பாவை வாங்கி வைக்குமுன் தொட்டியையும் கழிவு ஓஸையும் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என் வீட்டில் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பியது. சல்லடை சுத்தம். அடியில் தண்ணீரும் தேங்கியது. வேறொரு தம்பி வந்து உறையைக் கழற்றினார். சக்கரத்தின் இதழுக்கிடையில் பிவிசி பைப் அறுத்த சீவல் ஒன்று நகத்துண்டு அளவுக்குச் சிக்கியிருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் பிளம்பர் புதுப் பைப் போட்டிருந்தார். "இதுக்கா மாமா போர்டு மாத்தச் சொன்னாங்க?" என்று மருமகள் கேட்டாள். வந்தவருக்குக் கூலியும் காபியும் கொடுத்தோம். மாற்றிய பாகம் எதுவுமில்லை.