முடித்தலும் பயன் காணலும்

நுழையும்முன்

தொடங்கிய பணியைக் குறித்த நாளில் முடிப்பது பெருமைக்குரியது. ஆயினும், முடித்த பணி யாருக்கு என்ன பயனைத் தந்தது என்று அறியாதவரை அதன் கணக்கு நிறைவு பெறுவதில்லை. அக்கணக்கைப் பார்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

நான்காவது வினா

ஒரு செயல்திட்டம் முடியும் நாளில் பொதுவாக மூன்று வினாக்கள் எழுகின்றன. குறித்த காலத்தில் முடிந்ததா? ஒதுக்கிய பணத்திற்குள் முடிந்ததா? கேட்ட தரத்தில் அமைந்ததா? இம்மூன்றும் பணி நடந்த முறையை அளப்பவை. நான்காவதாக ஒரு வினா உண்டு. எந்தத் தேவைக்காகப் பணி தொடங்கப்பட்டதோ, அத்தேவை நிறைவேறியதா? இதற்கு விடை காண்பதே பயன் மதிப்பீடு. வணிக நிறுவனங்கள் இதனை வணிகப்பயன் மதிப்பீடு என வழங்குகின்றன.

இச்சிந்தனை தமிழர்க்குப் புதிதன்று. 'தெரிந்துசெயல்வகை' என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே, ஒரு செயலில் இழப்பது எது, விளைவது எது, பின்னர்க் கிடைக்கும் ஊதியம் எது என மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் திருவள்ளுவர்.

வானில் வெற்றி, சந்தையில் தோல்வி

உலகின் எந்த மூலையிலிருந்தும் பேச உதவும் தொலைபேசியை உருவாக்க, அமெரிக்காவின் மோட்டோரோலா நிறுவனம் 1980களின் இறுதியில் இரிடியம் திட்டத்தை வகுத்தது. ஏறத்தாழ 500 கோடி டாலர் செலவில் 66 செயற்கைக்கோள்களைக் கொண்ட பின்னல் அமைந்தது. 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. பொறியியல் நோக்கில் இது பெருஞ்சாதனை. ஆயினும் ஓராண்டு நிறைவதற்குள், 1999 ஆகஸ்டில், கடனைத் தீர்க்க இயலாமல் இரிடியம் நிறுவனம் நொடிப்புநிலையை அடைந்தது.

காரணம் எளியது. திட்டம் வகுக்கப்பட்டபோது கைப்பேசி அரிய பொருளாக இருந்தது. செயற்கைக்கோள்கள் வானேறுவதற்குள் நகரங்களெங்கும் கைப்பேசிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. இரிடியம் கருவியின் விலையோ ஏறத்தாழ 3,000 டாலர். பருமனான அக்கருவியைக் கட்டடத்திற்குள் பயன்படுத்துவதும் கடினம். எனவே, பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட வணிகப் பயணியர் அதனை நாடவில்லை.

பின்னர், ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலருக்கு அவ்வமைப்பைப் புதிய உரிமையாளர் வாங்கினர். கோபுரங்கள் எட்டாத கடலிலும் வானிலும் பேரிடர்க் களங்களிலும் பணிபுரிவோருக்கு அதே செயற்கைக்கோள்கள் பயன்பட்டன. பழைய கடன்சுமையும் இல்லாததால் நிறுவனம் நிலைத்தது. தேவை உள்ளவரைச் சரியாக அறியும்போதே பொருளின் பயன் வெளிப்படுகிறது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

இரிடியம் என்பது அணு எண் 77 உடைய தனிமம். முதலில் 77 செயற்கைக்கோள்களை ஏவத் திட்டமிட்டதால் இப்பெயர் சூட்டப்பட்டது. எண்ணிக்கை 66 ஆகக் குறைந்த பின்னரும் பெயர் மாறவில்லை.

காலம் கடந்தும் கிடைத்த பயன்

இதற்கு மாறான எடுத்துக்காட்டு, ஆஸ்திரேலியாவின் சிட்னி இசைநாடக அரங்கம். அதன் தொடக்க மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். முடிவில் ஆன செலவு 10 கோடியே 20 லட்சம். 1963இல் முடிய வேண்டிய பணி 1973இல்தான் முடிந்தது. முதல் மூன்று வினாக்களை மட்டும் கேட்டால், காலத்திலும் செலவிலும் இது தோல்வியே. எனினும், இன்று அந்நாட்டின் அடையாளமாக விளங்கும் அக்கட்டடத்தை யுனெஸ்கோ 2007இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பெரும்புகழ் பெற்றதால் குறைகள் மறைந்துவிடா. பெரிய இசையரங்கில் ஒலித்தெளிவு குறித்துக் குறைகூறல் நீண்டகாலம் இருந்தது. அதனைச் சீர்செய்து, 2022இல்தான் அவ்வரங்கை மீண்டும் திறந்தனர். நன்மை, குறை ஆகிய இரண்டையும் பதிவு செய்வதே நேர்மையான மதிப்பீடு.

மதிப்பிடும் முறை

ஒரு சிற்றூர்ப் பால் கூட்டுறவுச் சங்கம் குளிரூட்டும் நிலையம் அமைப்பதாகக் கொள்வோம். கட்டடமும் இயந்திரமும் வந்துவிட்டன என்பது பணி முடிந்ததற்குச் சான்று. நாள்தோறும் கெட்டுப்போகும் பாலின் அளவு குறைந்ததா, உற்பத்தியாளரின் வருவாய் உயர்ந்ததா என்பனவே பயனுக்குச் சான்று.

இதனை அறிய, பணி தொடங்கும் முன்னரே பழைய நிலையை அளந்து எழுதிவைத்தல் வேண்டும். முன்பு எத்தனை லிட்டர் கெட்டது என்ற குறிப்பு இல்லையெனில், பின்பு எவ்வளவு மிஞ்சியது என்று கூற இயலாது. அடுத்து, மதிப்பிடும் காலத்தை முடிவு செய்தல் வேண்டும். குளிர்காலத்தில் மட்டும் அளந்தால் கோடையின் உண்மை புலப்படாது. மூன்றாவதாக, பிற காரணங்களைப் பிரித்தறிதல் வேண்டும். கொள்முதல் விலை உயர்ந்ததால் கூடிய வருவாயை நிலையத்தின் பயனாகக் காட்டுவது பிழை. மின்கட்டணம், பழுதுபார்ப்பு போன்ற தொடர்செலவுகளையும் கழித்த பின்னரே நிகரப்பயன் தெரியும்.

மதிப்பீட்டைச் செய்பவர் பணியை நடத்தியவராக மட்டும் இருத்தல் கூடாது. தாம் வளர்த்த செயலின் குறையைத் தாமே காண்பது எவர்க்கும் அரிது. பால் கொண்டுவரும் பெண்ணின் சொல்லும் அறிக்கையில் இடம்பெறுதல் வேண்டும்.

எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என்று எழுதும் அறிக்கையும் மதிப்புடையதே. அதனை மறைத்தால் அடுத்த ஊரிலும் அதே பிழை நிகழும். அதற்கான விலையை அவ்வூர் மக்களே கொடுக்க நேரும். திறப்புவிழாவோடு கோப்பை மூடிவிடாமல், ஓராண்டு கழித்து மீண்டும் அவ்விடம் சென்று கேட்பதே பொறுப்புள்ள செயலின் நிறைவாகும்.