வைரல் ஃபீவர் என்று எழுதி வாங்காதீர்கள்

கணபதி விசர்ஜன் முடிந்து சில வாரம் ஆகியிருக்கும். தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் குடியிருக்கும் ஓர் அம்மா, நாலாக மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். மகன் மும்பை போலீசில் கான்ஸ்டபிள். பத்து நாள் பந்தோபஸ்து, சரியான தூக்கம் இல்லை. அதன்பிறகு பையன் யூனிஃபார்மைத் தொடவே இல்லை; சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான். வந்திருந்தது ‘காரணே தாக்வா’ நோட்டீஸ். இத்தனை நாள் கைர்ஹஜர், அதாவது வேலைக்கு வரவில்லை, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மராத்தியில் கேட்டிருந்தார்கள். அம்மாவுக்கு மராத்தி பேச வரும், வாசிக்க வராது.

“இதுவரைக்கும் என்ன பண்ணீங்கம்மா?” என்றேன். ஊருக்குக் கூட்டிப்போய் மந்திரித்துத் தாயத்து கட்டியிருக்கிறார்கள். சந்து முனை டாக்டரிடம் ‘வைரல் ஃபீவர்’ என்று ஒரு சர்ட்டிஃபிகேட்டும் வாங்கி வைத்திருக்கிறார்கள். தாயத்தால் கெடுதல் இல்லை. அந்தச் சர்ட்டிஃபிகேட்டால் உண்டு.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். “பைத்தியம்னு முத்திரை குத்திருவாங்க, வேலை போயிரும்” என்ற பயம். அதனால் இல்லாத காய்ச்சலை எழுதி வாங்குகிறார்கள். மேலதிகாரி இரண்டாவது மருத்துவரிடம் அனுப்பினால் அது ஒரே நாளில் உடைந்துபோகும். அதற்குப் பிறகு உண்மை நோயைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

போலீசுக்கு ஆளெடுக்கும்போது 1600 மீட்டர் ஓட்டத்துக்கு மதிப்பெண் உண்டு, குண்டு எறிதலுக்கு உண்டு. உயரமும் மார்பும் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கப்படும். 2014 ஜூனில் மும்பை ஆள்சேர்ப்பில் வெயிலில் 5 கிலோமீட்டர் ஓடவிட்டு இளைஞர்கள் செத்த பிறகுதான் அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். மனசைப் பற்றிக் கேட்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. டூட்டி நேரத்தைக் குறைக்கவாவது ஒரு முயற்சி நடந்தது: செம்பூரை அடுத்த தேவ்னார் காவல் நிலையத்தில் 2016-ல் எட்டு மணி நேர டூட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். யோசனை சொன்னவர் அங்கிருந்த ஒரு கான்ஸ்டபிள். ஏற்றவர் அன்றைய கமிஷனர் தத்தா பட்சல்கீகர். பிறகு நகரம் முழுக்க என்றார்கள். திருவிழாவோ தேர்தலோ வந்தால் அந்த எட்டு மணி நேரம் காகிதத்தோடு சரி.

அதிகாரிகள் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் பக்கம் நிற்கிறது. அதன் 21-ஆவது பிரிவு, சிகிச்சையில் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. 23-ஆவது பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆகவே சர்ட்டிஃபிகேட்டில் வீட்டுக் கதை எல்லாம் வேண்டியதில்லை. மனநலப் பிரிவில் சிகிச்சை பெறுகிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை, ஆயுத டூட்டி கூடாது என்றிருந்தால் போதும்.

வாங்க வேண்டிய இடம், தாராவிக்காரர்களுக்குச் சயான் மருத்துவமனை. காலையிலேயே போய் கேஸ் பேப்பர் எடுத்து, மனநல ஓ.பி.டி. என்று கேளுங்கள். நாக்பாடாவில் போலீஸ் மருத்துவமனை இருக்கிறது. கூட வேலை செய்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று கூச்சப்பட்டால் சயானுக்கே போங்கள். ஆனால் போங்கள். கேஸ் பேப்பரில் விழும் தேதிதான் உங்கள் சாட்சி. மூன்று ஜெராக்ஸ் எடுத்து, அசலை வீட்டில் வையுங்கள்.

அன்றைக்கே ‘ருக்ண நிவேதன்’, அதாவது நோய் அறிவிப்பு, காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். எழுத முடியாத நிலையில் பையன் இருந்தால் வீட்டார் எழுதிக் கொண்டுபோகலாம். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். நகலில் முத்திரையும் ஆவக் (வரவு) நம்பரும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அங்கே சண்டை வேண்டாம். நேராகத் தபால் ஆபீஸ் போய் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஹவல்தாருக்கு வாட்ஸ்அப்பில் ‘தபியத் டீக் நஹி’ (உடம்பு சரியில்லை) என்று போட்டது அறிவிப்பு ஆகாது. மறுபடி சொல்கிறேன், வாட்ஸ்அப் ஆகாது.

ஆயுதத்தை விட்டு விலக்கும்படி கேட்பதில் வெட்கம் கூடாது. 2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தன் மேலதிகாரியையும், மூன்று முஸ்லிம் பயணிகளையும் சுட்டுக் கொன்றதாக வழக்கு நடக்கிறது. உடம்பு முடியவில்லை, வழியில் இறக்கிவிடுங்கள் என்று அவர் முன்னதாகக் கேட்டதாக உடன் இருந்தவர் புகாரில் சொல்லியிருக்கிறார். அந்தக் கொலைகளுக்கு நோய் சாக்காகாது. என்றாலும் முடியவில்லை என்றவர் கையில் துப்பாக்கியை விட்டுவைத்தது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தண்டனையோ சஸ்பென்ஷனோ வந்துவிட்டால், ஆர்டர்லி ரூமில் நேரில் முறையிடுவதோடு எழுத்திலும் மேல்முறையீடு கொடுங்கள். அதன்மேல் வரும் ஆணை பாதகமாக இருந்தால் ஓராண்டுக்குள் நரிமன் பாயின்டில் உள்ள மகாராஷ்டிர நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் பதிலே வராவிட்டாலும் போகலாம். துறைக்குள் முறையிடாமல் நேரே ஓடினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ராத்திரியில் பையன் சாவைப் பற்றிப் பேசினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசலாம். தனியே விடாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

அந்த அம்மாவின் மகனுக்குச் சயானில் எடுத்த கேஸ் பேப்பரின் தேதி, நோட்டீஸ் தேதிக்கு ஒன்பது நாள் பிந்தியது. விசாரணை இன்னும் நடக்கிறது.