டிக்கெட் இலவசம்தான், பர்ஸ் காலியா இருக்கலாமா?

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா தோழிகளே? "பஸ்ஸுக்குத்தான் காசு வேணாமே" என்று வெறுங்கையை வீசிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். செல்போனிலேயே பணம் அனுப்பலாம் என்று ஆனதும் இன்னும் மோசம்.

போன மழைக்காலத்தில் என் ஓரகத்தி சிதம்பரம் போயிருந்தாள். திரும்பும்போது ராத்திரி எட்டு மணி. டவுன் பஸ்ஸைக் காணோம். தனியார் பஸ்தான் வந்தது. அதில் ஆணென்ன, பெண்ணென்ன, காசு கொடுத்தால்தான் டிக்கெட். போனிலும் சார்ஜ் இல்லை. பக்கத்தில் நின்ற பூக்காரம்மா கொடுத்த 50 ரூபாயில்தான் காட்டுமன்னார்கோயில் வந்து சேர்ந்தாள்.

இங்கேயாவது தெரிந்த முகம் ஒன்று கிடைக்கும். சென்னையில்? நம் பக்கத்து பஸ்கள் இப்போது பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மாநகர பஸ் பிடித்துத்தான் உள்ளே போகணும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஊரிலேயே பல இடங்களில் செல்போனும் வேலை செய்யவில்லை, ஏ.டி.எம்.மும் வேலை செய்யவில்லை. கையில் நோட்டு வைத்திருந்தவர்கள்தான் பிழைத்தார்கள்.

அதனால் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளாக 300 ரூபாய் எப்போதும் வைத்திருங்கள். 500 ரூபாயை நீட்டினால் கண்டக்டர் முறைப்பார். பாதியை பர்ஸில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். பர்ஸே போய்விட்டால் என்ன செய்வது?

பணத்தைவிட முக்கியம் ஒரு துண்டுச் சீட்டு. பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, வீட்டார் இரண்டு பேரின் நம்பர். எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். மயங்கி விழுந்தால் நம் போனின் பூட்டை யார் திறப்பது?

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டிராஃபிக்கில் மாட்டி சாப்பாட்டு நேரம் தப்பினால் வியர்த்து, கை நடுங்கும். அப்போது மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கணும். கடலைமிட்டாய் அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாப்கின் ஒன்று, இரண்டு ஊக்கு, இடுப்பில் சுற்றிக்கொள்ள கறுப்புத் துண்டு. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் பஸ்ஸில் நிற்கும்போது அந்த அவஸ்தை நமக்குத்தானே தெரியும்!

யாராவது தொந்தரவு கொடுத்தால் 181 பெண்கள் உதவி எண், 112 போலீஸ். ரயிலில் என்றால் 139. சென்னை மாநகர பஸ்கள் பலவற்றில் 2022-லிருந்து அவசர பொத்தானும் கேமராவும் வைத்திருக்கிறார்கள். ஏறியதும் பொத்தான் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் ஒரு சின்னத் துணிப்பையில் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் அது வாசல் ஆணியில் தொங்குகிறது. ஒன்பதாவது படிக்கும் என் பெண் அவ்வப்போது ஐஸ்கிரீமுக்கு அதிலிருந்து 20 ரூபாயை உருவிவிடுவாள். வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்து நிரப்பி வைப்பது என் வேலை.

- ஒரு வாசகி, காட்டுமன்னார்கோயில்.